மணிலாவில் அரண்மனை, ஜூரிக்கில் சாவி!

பிலிப்பைன்ஸ் தேசத்துக்கு உல்லாசப் பிரயாணம் போகிறவர்கள் சாதாரணமாக மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒன்று கடற்கரை, இன்னொன்று எரிமலை, மூன்றாவது மணிலா விரிகுடாவில் சூரியாஸ்தமனம். மூன்றுமே பிரமாதம்தான், சந்தேகமில்லை. ஆனால் நேயர்களே, இன்று நாம் அந்த வழியாகப் போகப் போவதில்லை. ஒரு பணப்பெட்டியின் பின்னாலேயே நடந்து போகப் போகிறோம். அந்தப் பெட்டி மணிலாவில் புறப்பட்டது. சுவிட்ஸர்லாந்தில் ஜூரிக் நகருக்குப் போயிற்று. அங்கிருந்து லீக்டென்ஸ்டைன் என்ற குட்டி நாட்டின் காகிதங்களுக்குள் புகுந்து மறைந்தது. கடைசியில் எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு மணிலாவுக்கே திரும்பி வந்தது.

இந்தப் பிரயாணத்துக்குப் பாஸ்போர்ட் வேண்டாம். ஒரு பென்சிலும், வீட்டில் மாசா மாசம் பால், மளிகை, வாடகை என்று வரவு செலவு எழுதும் கணக்கு நோட்டும் இருந்தால் போதும். அந்த நோட்டு எதற்கு என்று பின்னால் தெரியும்.

பெட்டிக்குச் சொந்தக்காரர் யார்? பெர்டினாண்ட் மார்க்கோஸ் என்பவர். 1965-ல் ஜனங்கள் வோட்டுப் போட்டு ஜனாதிபதியானார். 1969-ல் மறுபடியும் ஜெயித்தார். அந்நாட்டுச் சட்டப்படி இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. ஆகவே 1973-ல் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர். ஆனால் 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். சட்டசபை மூடப்பட்டது, பத்திரிகைகள் மூடப்பட்டன, எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். 1986 பிப்ரவரி வரையில், ஆக மொத்தம் இருபது வருஷம், அவரும் அவர் மனைவி இமெல்டாவும் அரண்மனையை விட்டு அசையவில்லை.

துப்பாக்கி இருந்தது, அதனால் அசையவில்லை என்று சொல்லிவிடலாம். அது பாதிக் கதைதான். துப்பாக்கிக்கும் சம்பளம் கொடுக்க வேண்டாமா? மீதிக் கதையைப் பார்க்கத்தான் புறப்படுகிறோம்.

கடலைத் தூர்த்து எழுப்பிய மாளிகைகள்

மணிலாவில் ரோஹாஸ் சாலை என்று ஒரு அழகான கடற்கரைச் சாலை இருக்கிறது. அதை ஒட்டி, கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலத்தில், பெரிய பெரிய கட்டடங்கள் நிற்கின்றன. எல்லாம் இமெல்டா அம்மாளின் கைங்கரியம்.

முதலில் தெரிவது கலாசார மண்டபம், 1969-ல் திறந்தது. ஒரு பெரிய கான்கிரீட் பாளத்தை அந்தரத்தில் நிறுத்தி வைத்தாற்போல் இருக்கும். கொஞ்ச தூரத்தில் சர்வதேச மாநாட்டு மண்டபம். இது 1976-ல் திறக்கப்பட்டது. அந்த வருஷம் அக்டோபரில் உலக வங்கியும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் சேர்ந்து தங்கள் வருஷாந்தர மகாநாட்டை மணிலாவில் நடத்தின. அதற்காகவே அவசர அவசரமாக எழுந்தது இந்த மண்டபம். வருகிற விருந்தாளிகள் தங்குவதற்காக ஒரு டஜனுக்கு மேல் பெரிய ஹோட்டல்களும், பெரும்பாலும் சர்க்கார் ஸ்தாபனங்களின் கடனில், கூடவே எழுந்தன. விருந்தாளிகளின் கண்ணில் படாமல் இருக்க, குடிசைவாசிகள் அப்புறப்படுத்தப்பட்டார்கள்.

கல்யாண வீட்டுக்காரர் சம்பந்தி வரும் நேரத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பது உண்டுதான். ஆனால் இங்கே சம்பந்திகள் யார்? கடன் கொடுக்கிறவர்கள்! 1973-ல் பெட்ரோல் விலை ஏறியதிலிருந்து வெளிநாட்டு வங்கிகளில் பணம் நிரம்பி வழிந்தது. கடன் வாங்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். சட்டசபையின் கேள்வி இல்லை, வேலைநிறுத்தம் இல்லை, ஒரே மனிதர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றால், கடன் கொடுப்பவனுக்கு அதைவிட வசதி உண்டா? மார்க்கோஸ் பதவி ஏற்றபோது நாட்டின் வெளிக் கடன் 100 கோடி டாலருக்கும் குறைவு. அவர் ஓடிப்போனபோது 2,600 கோடி டாலருக்குக் குறையாது.

ஜனங்களிடம் வரி வாங்கி ஆள்கிறவன், மனசில்லாவிட்டாலும் ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வெளியூரிலிருந்து கடன் வந்து விழுந்துகொண்டேயிருந்தால் அந்தத் தொந்தரவு இல்லை. அந்தப் பணத்தில் ராணுவத்தைப் பெருக்கலாம். சிநேகிதர்களுக்குக் காண்டிராக்டு கொடுக்கலாம். அவர்கள் விசுவாசமாக இருப்பார்கள். மார்க்கோஸின் ஆட்சிக்கு முதல் முட்டு அந்தக் கடன்தான்.

அதே கடற்கரையில் சற்று நடந்தால் சினிமா மாளிகை வரும். 1982 ஜனவரியில் சினிமா விழா நடத்த வேண்டுமென்று இரவும் பகலும் கட்டினார்கள். 1981 நவம்பர் 17-ஆம் தேதி அதிகாலையில் சாரம் சரிந்து, வேலையாட்கள் ஈர சிமெண்டுக்குள் விழுந்தார்கள். எத்தனை பேர் இறந்தார்கள் என்பதில் இன்றுவரை சண்டை. சினிமா விழா மட்டும் குறித்த மாதத்தில் நடந்தது.

தேங்காய் தின்றது ஒருவன்

இந்த வட்டாரத்தில் நம் ஊர்க்காரர்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடிய கட்டடம் ஒன்று உண்டு. அதன் பெயரே தேங்காய் மாளிகை. தூண் தென்னை மரம். சுவரில் தேங்காய் நார். கூடத்தில் தொங்கும் விளக்கு 101 கொட்டாங்கச்சிகளால் ஆனது. 1981-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் விஜயம் செய்தபோது அவர் தங்குவதற்காகத் தயார் செய்தார்கள். ஏழைகள் நிறைந்த நாட்டில் இவ்வளவு ஆடம்பரமா என்று அவர் அங்கே தங்க மறுத்துவிட்டார் என்பது ஊரறிந்த கதை.

மாளிகைக்கு வெளியே, தள்ளுவண்டியில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் தேங்காய் வரியைப் பற்றிக் கேட்டேன். இளநீரைச் சீவுகிற கத்தி ஒரு நிமிஷம் நின்றது. தன் தகப்பனாருக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்ததாகவும், வரி கட்டிய ரசீதுகளை ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டு வெகு காலம் பத்திரமாக வைத்திருந்ததாகவும் சொன்னாள். பிறகு ரசீது எல்லாம் என்ன ஆயிற்று? ஒரு புயலில் டப்பாவோடு போய்விட்டது. சொல்லிவிட்டுச் சிரித்தாள். அதில் சந்தோஷமில்லை.

விஷயம் இதுதான். 1973-ல் மார்க்கோஸ் ஓர் உத்தரவு போட்டார். 100 கிலோ கொப்பரை விற்றால் 15 பெசோ வரி. தென்னை விவசாயிகளின் க்ஷேமத்துக்காக என்று பெயர். வரி பிற்பாடு ஏறிக்கொண்டே போயிற்று. அந்தப் பணத்தில் ஒரு வங்கி வாங்கப்பட்டது. 1983-ல் நாட்டின் மிகப் பெரிய பீர் கம்பெனியின் பங்குகள் வாங்கப்பட்டன. விவசாயிகளின் பெயரில் வாங்கிய சொத்துக்களை ஆட்டிப் படைத்தவர்கள் மார்க்கோஸின் நண்பர்கள். அந்தப் பங்குகளில் ஒரு பெரும் பகுதி, கம்பெனியில் 24 சதவிகிதம், தென்னை விவசாயிகளுக்காகச் சர்க்காரைச் சேர வேண்டியதுதான் என்று சுப்ரீம் கோர்ட்டு முடிவாகத் தீர்ப்புச் சொன்னது 2012-ல்! அந்தப் பணத்தை விவசாயிகளுக்குப் பயன்படுத்தச் சட்டம் வந்தது 2021-ல். கொப்பரை விற்ற தலைமுறையில் எத்தனை பேர் அதைப் பார்க்க இருந்தார்கள்?

‘தேங்காய் தின்றது ஒருவன், தெண்டம் கட்டினது ஒருவன்’ என்ற நம் பழமொழி இவர்களுக்காகவே ஏற்பட்டது போலிருக்கிறது.

மரிகினாவின் செருப்புகள்

மணிலாவுக்குப் பக்கத்தில் மரிகினா என்ற ஊர். நம் ஊரில் காஞ்சிபுரத்துக்குப் பட்டு எப்படியோ, அங்கே மரிகினாவுக்குப் பாதரட்சை. 2001-ல் இங்கே ஒரு செருப்புக் காட்சிசாலை திறந்தார்கள். கண்ணாடி அலமாரிகளில் இமெல்டா அம்மாளின் பாதரட்சைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கின்றன. பட்டு, வெல்வெட், முதலைத் தோல், குதிகால் உயர்ந்தது, தாழ்ந்தது, பொன் நிறம், வெண்ணிறம்! 1986-ல் ஜனங்கள் அரண்மனைக்குள் புகுந்தபோது மூவாயிரம் ஜோடி என்று உலகம் முழுவதும் செய்தி பரவியது. பிறகு எண்ணிப் பார்த்ததில் ஆயிரத்துச் சொச்சம். மூவாயிரம் என்ன, ஆயிரம் என்ன? ஒரு ஸ்திரீக்குக் கால் இரண்டுதானே!

வந்த பெண்மணிகள் எல்லோரும் அந்த அலமாரிகளுக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார்கள். நானும் நின்றேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் செருப்புகள் உலகத்தை ஒரு விதத்தில் ஏமாற்றிவிட்டன. அவற்றைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். “இதுதான் கொள்ளை” என்று நினைத்துக்கொண்டார்கள். செருப்புக்கு எவ்வளவு செலவாகிவிடும்? மார்க்கோஸ் குடும்பம் சேர்த்த சொத்து 500 கோடி டாலரிலிருந்து 1,000 கோடி டாலர் வரை இருக்கலாமென்று மதிப்பிட்டார்கள். அலமாரியில் இருந்தது அதில் தூசு. அசல் சொத்து பட்டும் அல்ல, வைரமும் அல்ல, வெறும் காகிதம்!

அரண்மனையில் விட்டுப்போன காகிதங்கள்

பாசிக் நதிக்கரையில் மலகானாங் அரண்மனை. ஸ்பானியர் காலத்து வீடு. பிறகு அமெரிக்கக் கவர்னர்கள் இருந்த இடம். அப்புறம் ஜனாதிபதிகளின் வாசஸ்தலம்.

1983 ஆகஸ்ட் 21-ந் தேதி எதிர்க்கட்சித் தலைவர் பெனிக்னோ அக்கினோ அமெரிக்காவிலிருந்து திரும்பி மணிலா விமான நிலையத்தில் இறங்கும்போதே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு கொந்தளித்தது. வெளிநாட்டு வங்கிகளுக்கும் பயம் வந்துவிட்டது, கடன் நின்றது. அந்த அக்டோபரிலேயே, “தவணை கட்ட முடியவில்லை, அவகாசம் கொடுங்கள்” என்று கேட்கும் நிலைமைக்கு சர்க்கார் வந்துவிட்டது. முட்டுக் கொடுத்திருந்த கம்பு ஒன்று சாய்ந்தது. 1986 பிப்ரவரி 7-ல் தேர்தல் வைத்தார் மார்க்கோஸ். எதிர்த்து நின்றவர் அக்கினோவின் மனைவி கொரஸான். அதுவரை தம்மைக் குடும்பத் தலைவி என்றே சொல்லிக்கொண்ட அம்மாள். மார்க்கோஸ் ஜெயித்துவிட்டதாக அறிவிப்பு வந்தது. லட்சக்கணக்கான ஜனங்கள் தெருவில் இறங்கி, டாங்கிகளுக்கு முன்னால் ஜபமாலையோடு உட்கார்ந்தார்கள். பிப்ரவரி 25 இரவு, அமெரிக்க ஹெலிகாப்டரில் மார்க்கோஸ் குடும்பம் புறப்பட்டுப் போயிற்று. ஹவாய்த் தீவில் இறங்கியபோது சுங்க அதிகாரிகள் பெட்டிகளைத் திறந்தார்கள். புத்தம் புதிய பெசோ நோட்டுகள், நகைகள், இன்னும் என்னென்னவோ!

ஆனால் எடுத்துக்கொண்டு போகாமல் விட்டுவிட்ட ஒன்று இருந்தது. அரண்மனையில் கிடைத்த தஸ்தாவேஜுகள். பெட்டி போன வழியை அவைதான் காட்டின. அதில் ஒன்று 1968 மார்ச் மாதத்துக் காகிதம். அதாவது, ராணுவச் சட்டத்துக்கு நாலு வருஷம் முன்னால்! ஜூரிக்கில் ஒரு வங்கியில் கணக்குத் திறப்பதற்கான கையெழுத்துத் தாள். அதில் ‘வில்லியம் சாண்டர்ஸ்’ என்று ஒரு கையெழுத்து. கூடவே அதே மனிதரின் அசல் கையெழுத்து: பெர்டினாண்ட் மார்க்கோஸ். இன்னொரு தாளில் ‘ஜேன் ரயன்’. அசல் பெயர்: இமெல்டா மார்க்கோஸ். அன்று நாலு கணக்குகளில் போட்ட முதல் தொகை 9,50,000 டாலர். அப்போது ஜனாதிபதியின் சம்பளம் வருஷத்துக்கு 60,000 பெசோ.

கணக்கு நோட்டில் இந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இனி ஜூரிக்குக்குப் போவோம்.

பன்றிச் சந்தையில் ஒரு வங்கி

ஜூரிக் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பான்ஹோப் தெரு ஆரம்பமாகிறது. ஏரிக்கரை வரையில் ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. இரு மருங்கிலும் லிண்டன் மரங்கள். நடுவில் நீல நிற டிராம் வண்டிகள், சொன்ன நிமிஷத்தில் வருகின்றன. கடிகாரக் கடைகள், சாக்லெட் கடைகள், நகைக் கடைகள். யாரும் உரக்கப் பேசுவதில்லை. ஒரு காகிதத் துண்டு கீழே கிடக்காது.

பாதி வழியில் பரடேபிளாட்ஸ் என்ற சதுக்கம். ஒரு காலத்தில் இது பன்றிச் சந்தை கூடிய இடம். இப்போது ஒரு பக்கம் புகழ்பெற்ற மிட்டாய்க் கடை. எதிரே அரண்மனை போன்ற வங்கிக் கட்டடம். வில்லியம் சாண்டர்ஸும் ஜேன் ரயனும் கணக்குத் திறந்தது இந்த ‘கிரெடிட் சுயிஸ்’ வங்கியில்தான். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நின்ற வங்கி. 2023 மார்ச்சில் நிலை தடுமாறி, அதே சதுக்கத்திலுள்ள போட்டி வங்கியின் கைக்குப் போய்விட்டது.

இந்த அமைதியான தெருவில் நடக்கும்போது ஒரு விசித்திரமான எண்ணம் தோன்றியது. மணிலாவில் சிறைக் கதவு அடிக்கும் சத்தம் இங்கே கேட்டிருக்காது. இங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. கோட்டு அணிந்த குமாஸ்தா மரியாதையாக நாற்காலி போட்டார். ஒரு தாளை நீட்டினார். “இங்கே கையெழுத்து, கனவானே” என்றிருப்பார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நாற்காலி இல்லாவிட்டால் மணிலாவின் சிறை அத்தனை வருஷம் நின்றிருக்குமா?

சுவிட்ஸர்லாந்தில் 1934-ல் ஒரு சட்டம் வந்தது. வாடிக்கைக்காரரின் ரகசியத்தை வங்கிக்காரர் வெளியிட்டால் தண்டனை. நியாயமான மனிதருக்கும் அது பாதுகாப்பு, திருடனுக்கும் அதுவே பாதுகாப்பு. சொந்த நாட்டில் பணத்தை வைத்தால் சர்வாதிகாரிக்கு ஆயிரம் கவலை. குமாஸ்தா பார்த்துவிடுவான், பத்திரிகைக்காரன் மோப்பம் பிடிப்பான், நாளைக்கு வேறு ஒருவன் பதவிக்கு வந்தால் ஜப்தி செய்வான். அயல் நாட்டில், அயல் பெயரில் வைத்துவிட்டால்? பெரிய காண்டிராக்டுகளில் வரும் கமிஷன் மணிலா மண்ணை மிதிக்காமலே நேராக இங்கே வந்துவிடும். தேர்தல் வந்தால் செலவுக்கு உண்டு. சிநேகிதன் முறைத்துக்கொண்டால் சமாதானம் செய்ய உண்டு. எல்லாம் போனாலும் ஓடிப்போய்ப் பிழைக்க உண்டு. முட்டுக் கொடுத்த இரண்டாவது கம்பு இதுதான். ஒரு கை கடன் வாங்கியது. மறு கை பதுக்கியது. இரண்டு கைகளும் போய் நின்றது இப்படிப்பட்ட தெருக்களில்தான்.

மூன்று திரைகள்

ஜூரிக்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் ஸார்கன்ஸ் என்ற சந்திப்பு. அங்கே பஸ் ஏறி, ரைன் நதியைத் தாண்டினால் லீக்டென்ஸ்டைன். எல்லையில் பாஸ்போர்ட் கேட்க ஆளில்லை. நாட்டின் மொத்த விஸ்தீரணம் 160 சதுர கிலோமீட்டர். தலைநகர் வடூஸ். மலை மேல் அரசரின் கோட்டை. கீழே தபால்தலைக் காட்சிசாலை, திராட்சைத் தோட்டம், ஒரே ஒரு பெரிய கடைத்தெரு. அரை நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். பார்க்க முடியாதது ஒன்றுதான்: வக்கீல்களின் இரும்பு அலமாரி.

இந்த நாட்டுச் சட்டப்படி ‘பவுண்டேஷன்’ என்று ஓர் அமைப்பை ஏற்படுத்தலாம். நம் ஊரில் தர்ம ஸ்தாபனம், டிரஸ்ட் என்கிறோமே, அது மாதிரி பெயர். ஆனால் தர்மம் செய்ய வேண்டுமென்ற நிர்ப்பந்தமில்லை. குடும்பத்துக்காகவே வைத்துக்கொள்ளலாம். மார்க்கோஸ் தம்பதிகள் இப்படிப் பல ஸ்தாபனங்களை உண்டாக்கினார்கள். அஸியோ, வெர்ஸோ, விபூர், ஸாண்டி, விண்ட்ரோப், அவெர்டினா, ரோஸாலிஸ், மாலெர் என்று கேட்பதற்குச் சங்கீதம் போன்ற பெயர்கள்!

இது வேலை செய்த விதத்தைச் சமையலறைப் பாஷையில் சொன்னால் எளிதில் புரியும். வங்கியின் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்தால், பணம் ஸ்தாபனத்துடையது என்று இருக்கும். ஸ்தாபனத்தின் பதிவேட்டைத் திறந்தால், நிர்வாகி உள்ளூர் வக்கீல் என்று இருக்கும். பலன் யாருக்கு என்பது மட்டும், வக்கீலின் அலமாரியில் பூட்டி வைத்த ஒரு தனிக் காகிதத்தில் இருக்கும். டப்பாவுக்குள் டப்பா, அதற்குள் டப்பா; மேல் டப்பாவில் மட்டும் ‘கடுகு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது! அவ்வப்போது ஒரு ஸ்தாபனத்தைக் கலைத்து, பணத்தை வேறொன்றுக்கு மாற்றி, பெயரையும் மாற்றிவிடுவார்கள். பின்னால் தேடி வருகிறவனுக்குத் தலை சுற்றும்.

வீட்டுக் கணக்கு ஜெயித்தது

மார்க்கோஸ் ஓடிப்போய் ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், 1986 மார்ச் 24-ல், சுவிஸ் சர்க்கார் அவருடைய பணத்தை அசையாமல் முடக்கி வைத்தது. பழைய ரகசிய சம்பிரதாயத்தில் அது பெரிய உடைப்பு. கொரஸான் அக்கினோ பதவியேற்றதும் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, கொள்ளைபோனதைத் தேடி மீட்க ஒரு கமிஷன் அமைத்தது. அதற்குத் தலைவர் ஜோவிட்டோ ஸலோங்கா என்ற பழுத்த அரசியல்வாதி.

சரி, பணமும் தெரிந்துவிட்டது, இடமும் தெரிந்துவிட்டது, எடுத்துக்கொடுக்க வேண்டியதுதானே? அதுதான் இல்லை. திருடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். திரும்ப வாங்க நூறு கோர்ட்டு ஏற வேண்டும். ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு வக்கீல்; ஒவ்வொரு வக்கீலும் ஓர் ஆட்சேபம். சுவிஸ் தலைமை நீதிமன்றம் இருப்பது லோஸான் நகரில். பணத்தை மணிலாவுக்கு அனுப்பலாம், ஆனால் கோர்ட்டுத் தீர்ப்பு வரும் வரை தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த நீதிமன்றம் அனுமதித்தது 1997 டிசம்பரில். இதற்குள் மார்க்கோஸே இல்லை. 1989-ல் ஹவாயிலேயே இறந்துபோனார்.

இப்போது மறுபடி மணிலா. பாத்ரே பௌரா தெருவில் சுப்ரீம் கோர்ட்டு. 2003 ஜூலை 15-ந் தேதி தீர்ப்பு. நோட்டை எடுங்கள்!

பிலிப்பைன்ஸில் 1955-லேயே ஒரு சட்டம் உண்டு. சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவரின் சொத்து, அவருடைய சம்பளத்துக்கும் நியாயமான மற்ற வரும்படிக்கும் கொஞ்சமும் பொருந்தாமல் பெருத்திருந்தால், அது தப்பு வழியில் வந்ததென்றே கொள்ளலாம். இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. நீதிபதிகள் என்ன செய்தார்கள்? வரவு எழுதினார்கள். ஜனாதிபதியாக மார்க்கோஸ் வாங்கிய சம்பளம், அமைச்சராக இமெல்டா வாங்கிய சம்பளம், இரண்டையும் இருபது வருஷத்துக்கும் கூட்டி டாலரில் மாற்றினார்கள். 3,04,372 டாலர். இது வரவு. அவர்கள் சாப்பிடாமல் உடுத்தாமல் மொத்தத்தையும் சேர்த்து வைத்திருந்தால்கூட இவ்வளவுதான். எதிர்ப்பக்கம் சுவிஸ் கணக்குகள்: அசல் 35 கோடியே 60 லட்சம் டாலர், வட்டியோடு 65 கோடியே 80 லட்சம். அசல் மட்டுமே சம்பளத்தைப் போல் ஆயிரத்து நூறு மடங்குக்கு மேல்!

இதற்குக் குடும்பத்தின் பதில் என்ன தெரியுமா? தங்களுக்கு விவரம் தெரியாது. வெகு காலம் ஆகிவிட்டபடியால் சரியாக நினைவில்லை. ஆனால் பணம் மட்டும் நியாயமாக வந்தது! கடைக்கு அனுப்பிய பையன் மீதிச் சில்லறைக்கு இப்படிப் பதில் சொன்னால் எந்த வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்? நீதிபதிகளும் ஒப்புக்கொள்ளவில்லை. பணம் தேசத்துக்குச் சொந்தம் என்று தீர்ப்பளித்தார்கள். 2004-ல் அது கஜானாவுக்கு வந்து சேர்ந்தது. முடக்கி வைத்து பதினெட்டு வருஷம்!

மூன்று திரை, எட்டுப் பத்து ஸ்தாபனம், கெட்டிக்கார வக்கீல்கள் எல்லோரையும் கடைசியில் தோற்கடித்தது எது? ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்களே, அந்தக் கணக்குத்தான். வரவு இவ்வளவு, இருப்பு இவ்வளவு, நடுவில் உள்ளது எங்கிருந்து வந்தது?

2018-ல், இதே சுவிஸ் ஸ்தாபனங்கள் சம்பந்தமாக ஏழு குற்றங்களில் இமெல்டா அம்மாள் குற்றவாளி என்று ஊழல் தடுப்பு நீதிமன்றம் சொல்லிற்று. அவர் ஜாமீனில் இருந்துகொண்டு அப்பீல் செய்தார், சிறைக்குப் போகவில்லை. 2022-ல் அவர் மகன் தேர்தலில் ஜெயித்து, மலகானாங் அரண்மனையில் ஜனாதிபதியாக நுழைந்தார். ஞாபகம் என்பது ஜனங்களுக்கும் மங்கக்கூடிய வஸ்து.

திரும்பி வராதவை

மணிலாவிலிருந்து மேற்கே பட்டான் மாகாணம். அங்கே மோரோங் என்ற இடத்தில், கடலைப் பார்த்தபடி, சாம்பல் நிறக் கான்கிரீட் கட்டடம் ஒன்று மௌனமாக நிற்கிறது. அணுசக்தி மின்சார நிலையம். 1976-ல் ஆரம்பித்து, 230 கோடி டாலர் அளவில் விழுங்கிய கட்டடம். மார்க்கோஸின் நெருங்கிய நண்பர் ஒருவருக்கு இந்தக் காண்டிராக்டில் பெரும் கமிஷன் கிடைத்ததென்று பிலிப்பைன்ஸ் கோர்ட்டுகளே பிற்காலத்தில் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. 1986-ல், சோவியத் யூனியனின் செர்னோபில் விபத்துக்குப் பிறகு, அக்கினோ சர்க்கார் இதைத் திறப்பதில்லையென்று தீர்மானித்தது. ஒரு வீட்டில் ஒரு விளக்குக்கூட இதனால் எரிந்ததில்லை. ஆனால் கடன் கடன்தானே? கட்டிக் கட்டி, 2007-ல்தான் தீர்த்தார்கள். மார்க்கோஸ் ஆண்ட காலத்தில் பிறக்காத குழந்தைகளும் அதற்கு வரி கொடுத்தார்கள்.

கடைசியாக ஓர் இடம். கேஸோன் நகரத்தில் ‘வீரர்களின் நினைவுச் சின்னம்’. ஒரு தாய் போன்ற உருவம் வீழ்ந்த மகனைத் தாங்கி நிற்கிறாள். பின்னால் கறுப்புக் கல் சுவர். அதில் ராணுவ ஆட்சியை எதிர்த்துப் போராடியவர்களின் பெயர்கள். மாணவர்கள், பாதிரியார்கள், விவசாயிகள், பத்திரிகைக்காரர்கள். ஆண்களும் பெண்களும்.

ஜூரிக்கிலிருந்து வந்த பணத்தில் பெரும் பகுதி, சட்டப்படி, நிலச் சீர்திருத்தத்துக்குப் போயிற்று. 1,000 கோடி பெசோ மட்டும் ராணுவ ஆட்சியில் கொடுமைப்பட்டவர்களுக்கு என்று 2013-ல் சட்டம் செய்தார்கள். 75,000 பேருக்கு மேல் மனுச் செய்தார்கள். 2018-ல் முடிவான பட்டியலில் 11,103 பேர். வரும்போது பலருக்கு வயசாகிவிட்டது; சிலருக்காகப் பெண்டு பிள்ளைகள் வந்து வாங்கிக்கொண்டார்கள். பணம் சின்னத் தொகைதான். ஆனால் அதோடு சர்க்கார் ஒரு விஷயத்தை எழுத்தில் ஒப்புக்கொண்டது: உங்களுக்கு அநியாயம் நடந்தது, வாஸ்தவம்.

சுவிட்ஸர்லாந்து இப்போது பழைய சுவிட்ஸர்லாந்து இல்லை. ஓடிப்போன அதிபர்களின் பணத்தை முடக்கவும் திருப்பித் தரவும் தனிச் சட்டமே 2016-லிருந்து அமுலில் இருக்கிறது. லீக்டென்ஸ்டைனிலும் விதிகள் கடுமையாகிவிட்டன. ஆனால் உலகத்தில் தெருக்களுக்குப் பஞ்சமா? ஒரு தெருவில் விளக்குப் போட்டால், இருட்டு அடுத்த தெருவுக்குப் போகிறது.

ஆகவே எங்கேயாவது ஒரு தலைவர் தம் சம்பளத்தில் கட்ட முடியாத மாளிகையைக் கட்டினாலும், அவர் நாட்டில் கணக்குக் கேட்பவர்கள் சிறைக்குப் போனாலும், அந்த ஊரை மட்டும் பார்த்தால் போதாது. மரநிழலும் சாக்லெட் வாசனையுமாக, சத்தமே இல்லாத இன்னொரு தெரு எங்கோ இருக்கிறது. சாவி அங்கேதான். அந்தச் சுவரில் பெயர் பொறித்தவர்கள் கேட்டதும் பெரிய கேள்வி ஒன்றுமில்லை. மாசக் கடைசியில் நம் வீடுகளில் நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கேட்கிற கேள்விதான்: “வந்தது எவ்வளவு, இருப்பது எவ்வளவு?”